இன்னொரு தடவை செல்ஃப் அடிச்சுப் பாருங்க

தேங்கிய தண்ணீரில் இறங்கிய கார் நின்றுபோவது ஒரு சம்பவம். அதன் இன்ஜின் கெட்டுப்போவது இன்னொரு சம்பவம். ஊரில் இரண்டையும் சேர்த்து ‘தண்ணியில மாட்டி இன்ஜின் போச்சுங்க’ என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுவார்கள். முதல் சம்பவத்துக்கு மழை பொறுப்பு. இரண்டாவதற்குப் பெரும்பாலும் மனிதர்களே பொறுப்பு; அவர்களிலும் பாதிப் பேர் காருக்கு வெளியே நிற்பவர்கள்.

சேலம், நாமக்கல் மாவட்டங்களில் இரண்டு சம்பவங்களுக்கும் தாராளமாக இடம் உண்டு. பார்த்தால் அப்படித் தெரியாது. கடற்கரை கிடையாது. வெயில் காலத்தில் தண்ணீர் லாரிக்காகக் குடங்களை வரிசை கட்டி வைக்கிற பூமி. திருச்செங்கோட்டிலிருந்து புறப்படும் ரிக் வண்டிகள் இந்தியா முழுக்கப் போய், ஆயிரம் அடிக்குக் கீழே ஒளிந்திருக்கும் தண்ணீரைத் துளைபோட்டு எடுத்துக் கொடுத்துவிட்டு வருகின்றன. பாதாளத்துத் தண்ணீரைப் பற்றி இவ்வளவு தெரிந்த ஊருக்கு, ரோட்டின் மேல் இரண்டடி நிற்கிற தண்ணீரைப் பற்றி ஒன்றும் தெரியாமல் போனது விசித்திரம்தான்.

காரணம் மலைகள். சேலம் நகரம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். சேர்வராயன் மலை, நகரமலை, ஜருகுமலை, கஞ்சமலை என்று சுற்றிலும் மலைகளை வைத்துக்கொண்டு நடுவில் உட்கார்ந்திருக்கிற ஊரில், மேலே பெய்த மழை எங்கே வந்து சேரும் என்பதற்கு ஆராய்ச்சி தேவையில்லை. சேர்வராயன் மலையிலிருந்து இறங்கும் திருமணிமுத்தாறு சேலத்தின் நடுவே ஓடி, நாமக்கல் மாவட்டத்தில் காவிரியில் கலக்கிறது. நகரத்துக்குள் அதைச் சாக்கடை என்றே எண்ணிப் பழகியவர்கள் அதிகம். தான் ஆறு என்பதை வருடத்தில் ஒன்றிரண்டு ராத்திரி அதுவே ஞாபகப்படுத்தும். ஓமலூர், எடப்பாடி வழியாகச் சரபங்கா, ஆத்தூர் வழியாக வசிஷ்ட நதி. இவற்றின் குறுக்கே ஆங்காங்கே தரைப்பாலங்கள். பகலெல்லாம் காய்ந்துவிட்டுச் சாயங்காலம் இடியோடு கொட்டும் ஆவணி, புரட்டாசி மழையில் வறண்ட ஓடைகூட ஒரு மணி நேரத்தில் தரைப்பாலத்துக்கு மேலே ஏறிவிடும்.

காவிரி அப்படியில்லை. மேட்டூர் அணை 120 அடியை எட்டி, உபரிநீரைத் திறந்துவிட்டால் ஆட்டோவில் மைக் கட்டி முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள். 2018, 2022, 2024 என்று குமாரபாளையமும் பள்ளிபாளையமும் கரையோரத் தெருக்களைக் காலி செய்துகொண்டு மேட்டுக்குப் போனது இப்படித்தான். நோட்டீஸ் கொடுத்துவிட்டு வருகிற வெள்ளத்தில் கார்கள் அதிகம் கெடுவதில்லை. சொல்லாமல் வரும் முக்கால் மணி நேர மழைதான் பட்டறைகளுக்கு வேலை கொடுக்கிறது.

புயலும் எப்போதாவது இந்தப் பக்கம் வழி தவறி வரும். 2024 நவம்பர் 30ஆம் தேதி புதுச்சேரி அருகே கரையேறிய ஃபெஞ்சல், வலுவிழந்தபின் உள்நாட்டுக்குள் நகர்ந்து வந்தது. டிசம்பர் 2ஆம் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் கிருஷ்ணகிரி மாவட்டத்து ஊத்தங்கரையில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை. ஏற்காட்டுப் பாதையில் மண் சரிந்தது. ஊத்தங்கரையில் ஏரி நிரம்பி வந்த வெள்ளம், பேருந்து நிலையத்தை ஒட்டி ரோட்டோரம் நிறுத்தியிருந்த வேன்களையும் கார்களையும் உருட்டிக்கொண்டு போன காட்சியை நாடே செல்போனில் பார்த்தது. பாடி நசுங்கிக் கிடந்த அந்த வண்டிகளுக்கு ஒரேயொரு விஷயத்தில் அதிர்ஷ்டம் உண்டு. அவை மூழ்கும்போது இன்ஜின் ஓடவில்லை. ஓடாமல் மூழ்கிய இன்ஜினுக்குள் சேறு போகலாம், துரு பிடிக்கலாம். உள்ளே எதுவும் வளையாது. வளைவதற்கு ஓட வேண்டும், அல்லது யாராவது ஓட்டிப் பார்க்க வேண்டும்.

தரைப்பாலத்தைப் போலவே முக்கியமான இன்னொரு இடம் ரயில்வே சுரங்கப்பாலம். அகல ரயில்பாதைகளில் இருந்த ஆளில்லா லெவல் கிராசிங்குகள் அனைத்தும் 2019 ஜனவரி இறுதிக்குள் நாடு முழுவதும் நீக்கப்பட்டன. பல இடங்களில் கேட்டுக்குப் பதிலாகத் தண்டவாளத்துக்கு அடியில் பள்ளம் தோண்டி ரோடு போட்டார்கள். ரயில் மோதிச் சாகும் ஆபத்து போனது. பெரிய நன்மைதான், சந்தேகமில்லை. ஆனால் பள்ளம் தோண்டினால் தண்ணீர் வரும் என்பது கிணறு வெட்டத் தெரிந்த எல்லோருக்கும் தெரியும். 2013இல் திறந்த சேலம்–நாமக்கல்–கரூர் பாதையிலும் சரி, பழைய பாதைகளிலும் சரி, மழை நாளில் சுரங்கப்பாலத்துக்குள் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்பதை வெளியிலிருந்து பார்த்துச் சொல்லிவிட முடியாது. சரிவாக இறங்கும் ரோடு தண்ணீருக்கு அடியில் மேலும் சரிந்துகொண்டே போகும். மேற்பரப்பு மட்டும் எங்கேயும் ஒரே மட்டமாக, பார்க்க ரொம்ப நல்லதாகத் தெரியும்.

ஆழத்தை அளக்கும் பொறுப்பு அங்கே நிற்கிற ஊர்க்காரர்களுடையது. கொங்குப் பகுதியில் இந்த நிபுணர் குழு வழக்கமாகப் பேக்கரி வாசலில் கூடும். வேட்டியை மடித்துக் கட்டியவர் ஒருவர், தலையில் துண்டு போட்டவர் ஒருவர், மழைக்கு ஒதுங்கிய பைக்காரர்கள் மூன்று நான்கு பேர். கார் வந்து தயங்கி நிற்கும். கண்ணாடி ஓரங்குலம் இறங்கும்.

“ஏனுங்க, போலாங்களா?”

“தாராளமாப் போலாங்க. முழங்காலு அளவுதானுங்க. இப்பத்தான் ஒரு ஸ்விஃப்ட்டு போச்சு.”

இந்தப் பதிலில் ஆராய வேண்டியவை இரண்டு. முழங்கால் யாருடையது, எந்த இடத்தில் நின்று அளந்தது என்பது ஒன்று. சொன்னவரின் செருப்பு நனையாமல் இருப்பதைக் கவனித்தால் விடை கிடைக்கும். இரண்டாவது, அந்த ஸ்விஃப்ட். அது போனதை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். அந்தப் பக்கம் ஏறியதைப் பார்த்தவர் யாரும் அங்கே இருக்க மாட்டார்.

முழங்கால் என்பது ஏறக்குறைய ஒன்றரை அடி. சின்னக் கார்களின் அடிவயிறு தரையிலிருந்து அரையடிக்குக் கொஞ்சம் மேலே, 160 முதல் 180 மில்லிமீட்டரில் இருக்கிறது. இன்ஜினுக்குக் காற்று இழுக்கும் குழாயின் வாய், குளிர்ந்த காற்று கிடைக்கட்டும் என்று முன் கிரில்லுக்குப் பின்னால், ஹெட்லைட்டை ஒட்டி வைக்கப்பட்டிருக்கும். பல கார்களில் இது இரண்டடி உயரம்தான். ஆக, முழங்கால் தண்ணீரில் நிற்கிற காருக்கு மூச்சு விட மிச்சம் இருப்பது அரையடி. நிற்கிற வரைக்கும்தான் அந்த அரையடியும். கார் வேகமாக முன்னே போனால் மூக்குக்கு முன்னால் ஓர் அலை எழும்பும். அது அந்த அரையடியைச் சுலபமாகத் தின்றுவிடும். மகிந்திரா தார் போன்ற வண்டிகளுக்கே 650 மில்லிமீட்டர் ஆழம்வரை போகலாம் என்றுதான் கம்பெனி சொல்கிறது. பின்கண்ணாடியில் புலிப்படம் ஒட்டிய சின்னக் கார்களுக்கு அந்த அனுமதி பொருந்தாது.

தண்ணீர் உள்ளே போனால் என்ன ஆகும் என்பதைக் கணக்காகவே பார்க்கலாம். தமிழ்நாட்டு ரோடுகளில் ஒரு காலத்தில் பாதி டாக்சிகளுக்கு மேல் ஓடியதுபோல் தோன்றிய 1.3 லிட்டர் டீசல் இன்ஜினை எடுத்துக்கொள்வோம். நான்கு சிலிண்டர், ஒவ்வொன்றும் 312 மில்லி. பிஸ்டன் மேலே ஏறும்போது அந்த 312 மில்லி காற்றைச் சுமார் 17இல் ஒரு பங்காக நசுக்குகிறது. பிஸ்டன் உச்சியைத் தொடும்போது மேலே மிச்சம் இருக்கும் இடம் 20 மில்லிக்குள். இருமல் மருந்து மூடியில் இரண்டு மூடி. அதைவிடக் கொஞ்சம் அதிகமாகத் தண்ணீர் சிலிண்டருக்குள் போய்விட்டால் பிஸ்டன் உச்சிக்கு ஏற இடமில்லை. காற்று நசுங்கும், தண்ணீர் நசுங்காது. காற்றழுத்தத்தைப் போல 100 மடங்கு அழுத்தினாலும் தண்ணீர் அரை சதவீதம்கூடச் சுருங்குவதில்லை. சும்மா நின்று ஓடும்போதே இன்ஜின் நிமிடத்துக்கு 800 சுற்று. அப்படியென்றால் ஒவ்வொரு சிலிண்டரும் நிமிடத்துக்கு 400 தடவை மூச்சு இழுக்கிறது. இரண்டு மூடி உள்ளே போக ஒரு கணம் போதும். பெட்ரோல் கார்களில் இந்த இடம் கொஞ்சம் தாராளம், 30 மில்லி அளவில். ஆறுதல் கொள்ளும் அளவுக்கு இல்லை.

பிஸ்டன் ஏற முடியவில்லை; கிராங்க் நிற்க மாட்டேன் என்கிறது. நடுவில் இருப்பது கனெக்டிங் ராடு. இரண்டு பிடிவாதக்காரர்களுக்கு நடுவில் மாட்டியவர் வளைவதுதான் உலக வழக்கம்; ராடும் வளையும். இதற்குப் பட்டறைகளில் ஹைட்ரோலாக் என்று பெயர். பழைய மேஸ்திரிகள் ‘தண்ணி குடிச்சிருச்சு’ என்பார்கள்.

அம்பாசடர் காலத்தில் இந்த வியாதி குறைவு. 2014 வரை உத்தரபாராவில் தயாரான அந்தக் காரின் பழைய பெட்ரோல் இன்ஜின்களில், தண்ணீர் கார்ப்பரேட்டரை எட்டும் முன்பே டிஸ்ட்ரிபியூட்டர் நனைந்து பொறி வராமல் போய்விடும். ஆபத்து வரும் முன்பே இன்ஜின் மயங்கி விழுந்துவிடும். டிரைவர் இறங்கி, பானெட்டைத் தூக்கி, மூடியைக் கழற்றித் தோள் துண்டால் துடைத்து, வாயால் ஊதி, ஒரு பீடி பிடித்து முடிப்பதற்குள் காய்ந்துவிடும். செல்ஃப் அடித்தால் எடுக்கும். ‘நின்றுபோன வண்டியை இன்னொரு தடவை அடித்துப் பார்ப்பது’ என்ற மரபு இந்தக் காலத்தில் உருவானது. அன்றைக்கு அது அறிவுள்ள மரபு. அம்பாசடர் போய்விட்டது, மரபு மட்டும் பேக்கரி வாசலில் அப்படியே இருக்கிறது.

இந்தப் பக்கத்துக்கே உரிய இன்னொரு காரணத்தையும் சொல்ல வேண்டும்: லாரி. சங்ககிரியும் நாமக்கல்லும் லாரியால் பிழைக்கும் ஊர்கள். எல்பிஜி டேங்கர், டிரெய்லர், முட்டை வண்டி, ரிக் என்று எதையாவது ஒன்றைச் சந்திக்காமல் அரை கிலோமீட்டர் போக முடியாது. லாரி காற்று இழுக்கும் குழாய் கேபினுக்குப் பின்னால் ஆளுயரத்துக்கு மேலே இருக்கிறது. அதனால் தரைப்பாலத்தில் இரண்டடி தண்ணீர் லாரி டிரைவருக்கு ஒரு பொருட்டே இல்லை; அவர் உட்கார்ந்திருக்கும் உயரத்திலிருந்து அது ஈரமான ரோடு, அவ்வளவுதான். அவர் வேகத்தைக் குறைக்காமல் எதிரே வருகிறார். அவருடைய பத்துச் சக்கரங்கள் தள்ளிக்கொண்டு வரும் அலை, பொறுமையாக முதல் கியரில் ஊர்ந்து வரும் காரின் கிரில்லில் மோதி, பானெட்டைத் தாண்டி, கண்ணாடியைக் கழுவிவிட்டுப் போகிறது. எல்லாவற்றையும் சரியாகச் செய்த காரும் இந்த இடத்தில் நின்றுபோவதுண்டு. இந்த ஊர்க் கார்க்காரருக்குத் தண்ணீரின் ஆழம் தெரிந்தால் போதாது. எதிரே வரும் லாரியையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும்.

நிற்கும்போது பெரிதாகச் சத்தம் ஒன்றும் இருக்காது. ஒரு ‘டக்’. அதன்பிறகு மழை கூரையில் விழும் ஓசை. வைப்பர் ஆடிக்கொண்டே இருக்கும், ஹெட்லைட் எரியும், எஃப்எம்மில் பாட்டு நிற்காமல் ஓடும். பேட்டரிக்கு ஒன்றும் ஆகவில்லை, அதனால்தான். ஆனால் பாட்டு பாடுகிற வண்டி செத்துவிட்டது என்று யாரும் நம்ப மாட்டார்கள். விதியை முடிவு செய்யும் நேரம் இதுதான். இந்த நேரத்தில் சாவியைத் தொடாமல் உட்கார்ந்திருந்தால் இன்ஜின் பிழைக்க நல்ல வாய்ப்பு உண்டு. மெதுவாகப் போகும்போது தண்ணீர் இழுத்து நின்ற இன்ஜின்களில் ராடு பெரும்பாலும் நேராகவே இருக்கும். சிலிண்டருக்குள் தண்ணீர் நிற்கும், அவ்வளவுதான்.

தொடாமல் உட்கார்ந்திருப்பது எளிதல்ல. பக்கத்து சீட்டில் மனைவி. பின்சீட்டில் மாமனார், சுற்றுவழியில் போகலாம் என்று பத்து நிமிடத்துக்கு முன்பே சொன்னவர், இப்போது ஒன்றும் சொல்லாமல் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறார். அந்த மௌனத்தைத் தாங்கும் சக்தி மருமகன்களுக்குக் கிடையாது. வெளியிலிருந்து குழுவின் குரல் வேறு.

“இன்னொரு தடவை செல்ஃப் அடிச்சுப் பாருங்கண்ணா.”

“ஆக்சிலேட்டர மிதிச்சுக்கிட்டே அடிங்க.”

“பேட்டரி வீக்குங்க, நான் அப்பவே நெனச்சேன்.”

“பெட்ரோல் இருக்குதுங்களா?”

கடைசிக் கேள்வி கேட்டவர் குழுவில் வயதில் இளையவர். அவர் ஒருவரின் ஆலோசனையால்தான் சேதம் ஏதும் கிடையாது.

சாவியைத் திருப்பினால் செல்ஃப் மோட்டார், தன் பல்சக்கரக் கணக்கால் பலத்தைப் பத்து மடங்குக்கு மேல் பெருக்கிக்கொண்டு கிராங்க்கைச் சுழற்றப் பார்க்கும். தண்ணீர் நிற்கிற சிலிண்டருக்குள் பிஸ்டன் முட்டி நிற்கும். மறுபடியும் ‘டக்’. இன்ஜினால் தெளிவாகச் சொல்ல முடிந்தது இவ்வளவுதான். அதைப் பேட்டரி பலவீனம் என்று புரிந்துகொண்டு மறுபடி அடித்தால், தண்ணீர் போகாத சிலிண்டர் ஏதாவது ஒன்று சட்டென்று பற்றிக்கொள்ளும். நனையாத சிலிண்டரின் வெடிப்பு, நனைந்த சிலிண்டரின் ராடை வளைக்கிறது. ராடுகள் பலவும் முதல் தடவையில் தப்பி, நாலாவது ஐந்தாவது தடவையில் உயிரை விடுகின்றன.

அதற்கும் அசையாத இன்ஜினுக்காக ஒரு கடைசி வைத்தியம் இருக்கிறது. லாரிக்காரர் ஒருவர் பரிதாபப்பட்டு நிறுத்திக் கயிறு எடுத்துப் போடுவார். கட்டி இழுத்துக் கரையேற்றினால் புண்ணியம். ஆனால் கயிறு கட்டியாயிற்று என்றதும் யாராவது ஒருவர், “ரெண்டாவது கியருல போட்டு கிளச்ச விடுங்க, எடுத்துக்கும்” என்று சொல்லாமல் இருக்கமாட்டார். 15 டன் லாரி இழுக்க, கிளச்சை விட்டால் இன்ஜின் சுற்றித்தான் ஆக வேண்டும். உள்ளே 20 மில்லி இடத்தில் 50 மில்லி தண்ணீர். இந்த முறையில் ராடு மட்டும் வளைந்தால் அதிர்ஷ்டம். சில நேரம் பிளாக்கின் சுவரை உடைத்துக்கொண்டு வெளியே எட்டிப் பார்க்கும்.

இப்போதைய கார்கள் சிலவற்றில் மனிதர் உதவி இல்லாமலே இதைச் செய்துகொள்ளும் வசதி வந்திருக்கிறது. சிக்னலில் நின்றால் தானே அணைந்து, கிளச்சை மிதித்தால் தானே ஸ்டார்ட் ஆகும் இன்ஜின்கள், எரிபொருளை மிச்சப்படுத்தப் பிறந்தவை. தண்ணீருக்கு நடுவில் லாரிக்கு வழிவிட்டு நின்றாலும் அவை அதே சிக்கனத்தைக் கடைப்பிடிக்கும். தண்ணீரில் இறங்கும் முன் அந்தப் பொத்தானை அணைத்துவிடுவது நல்லது. கார் தானே செல்ஃப் அடித்துக்கொண்டால் பழிபோட ஆள் கிடைக்காது.

சைலன்சர் வழியாகத் தண்ணீர் ஏறித்தான் இன்ஜின் கெடுகிறது என்பது இன்னொரு பரவலான நம்பிக்கை. ஓடுகிற இன்ஜினின் புகை, தண்ணீரைத் தள்ளிக்கொண்டு குமிழி விட்டபடி வெளியே வந்துவிடும். நின்றபிறகு குழாய்க்குள் தண்ணீர் ஏறலாம்; அதுவும் முதல் குற்றவாளி அல்ல. வாசற்கதவைத் திறந்துபோட்டுவிட்டுப் புழக்கடைத் தாழ்ப்பாளைச் சரிபார்க்கிற கதைதான்.

ஓடுகிற தண்ணீர் வேறு விஷயம். இங்கே இன்ஜினைப் பற்றிய கவலை இரண்டாம்பட்சம். 900 கிலோ எடையுள்ள சின்னக் காரின் அடிப்பரப்பு ஐந்தாறு சதுர மீட்டர். அடிவயிற்றுக்கு மேலே 15, 20 சென்டிமீட்டர் தண்ணீர் ஏறினாலே கார் தன் எடைக்குச் சமமான தண்ணீரை ஒதுக்கிவிடும். டயர் தரையைப் பிடிக்காது. தரைப்பாலத்தில் ஒன்றேகால் அடி தண்ணீர் குறுக்கே ஓடினால் கார் படகாகிவிடும், துடுப்பு மட்டும் இருக்காது. சுரங்கப்பாலத்துக்குள்ளும் இதே கவனம் வேண்டும். 2021 செப்டம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் துடையூரில் சுரங்கப்பாலத் தண்ணீரில் சிக்கிய காரில் ஒரு பெண் மருத்துவர் உயிரிழந்தார். கதவுக்கு வெளியே இரண்டடி தண்ணீர் நின்றால், ஒரு மீட்டர் அகலக் கதவின் மேல் சுமார் 180 கிலோ அழுத்தம். மின்சாரம் வேலை செய்யும்போதே ஜன்னல் கண்ணாடியை முழுக்க இறக்கிவிட வேண்டும், ஆட்களை இறக்கிவிட வேண்டும். வண்டியைப் பிறகு பார்க்கலாம்.

நின்ற காரை மீட்கும் சரியான வழி சுவாரசியமற்றது. நியூட்ரலில் போட்டு, கையால் தள்ளி மேட்டுக்கு ஏற்றி, பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றி, ரெக்கவரி வண்டிக்குப் போன் செய்ய வேண்டும். தள்ளுவதற்கு ஆள் தேட வேண்டியதில்லை. பேக்கரி வாசலில் நின்று ‘தாராளமாப் போலாங்க’ என்றாரே, அவரே வேட்டியை இன்னும் மேலே மடித்துக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் இறங்கி வருவார். ‘இன்னொரு தடவை’ என்றவரும் வருவார். நாலு பேரும் மூச்சுப் பிடித்துத் தள்ளிக் கரையேற்றிவிட்டு, நீட்டிய காசை ‘அட, வைங்க’ என்று தட்டிவிட்டு, டீயும் வாங்கிக் கொடுத்து அனுப்புவார்கள். இவ்வளவு நல்ல மனிதர்கள் இவ்வளவு கெட்ட ஆலோசனை சொல்வதை எந்த ஊரிலும் பார்க்க முடியாது.

அடுத்த காட்சி பட்டறை. மேஸ்திரியின் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்.

“செல்ஃப் அடிச்சீங்களாங்க?”

“இல்லீங்க. நின்னதும் அப்படியே விட்டுட்டேனுங்க.”

மேஸ்திரி தலையாட்டிக்கொள்வார். டாக்டரிடம் ‘எப்பவாச்சும் ஒரு கல்யாணத்துல’ என்று சொல்லும் நோயாளியை டாக்டர் நம்புகிற அளவுக்கு அவரும் நம்புவார். ஏர் ஃபில்டர் டப்பாவைத் திறப்பார். உள்ளே காகித ஃபில்டர் ஊறித் தொங்கும். ஆயில் கம்பியை உருவிப் பார்ப்பார். கறுப்பாகவோ தேன் நிறத்திலோ இருக்க வேண்டிய எண்ணெய் பால்காப்பி நிறத்தில் வந்தால் தண்ணீர் சம்ப்புவரை இறங்கிவிட்டது. பெட்ரோல் வண்டியாக இருந்தால் பிளக்கை, டீசலாக இருந்தால் இன்ஜெக்டரைக் கழற்றிவிட்டுக் கையால் கிராங்க்கைச் சுற்றுவார். திறந்த துளை வழியாகத் தண்ணீர் பட்டறைக் கூரைவரை பீய்ச்சி அடிக்கும். இன்ஜின் தடங்கலில்லாமல் சுற்றினால், ஆயிலையும் ஃபில்டரையும் ஒன்றுக்கு இரண்டு தடவை மாற்றி, கியர்பாக்ஸ் ஆயிலையும் பார்த்து, சில ஆயிரத்தோடு அனுப்பிவிடலாம். சுற்றவில்லை என்றாலோ, சுற்றும்போது ஒரு சிலிண்டரில் மட்டும் அழுத்தம் குறைந்தாலோ ஹெட்டை இறக்க வேண்டும்.

ஹெட்டை இறக்கியபின் பொய்க்கு இடமில்லை. நல்ல இன்ஜினில் பிஸ்டன் தொடும் உச்சி எதுவோ, அதுவரைக்கும் சிலிண்டர் சுவர் துடைத்துவிட்டதுபோல இருக்கும்; அதற்கு மேலே கரி படிந்த ஒரு வளையம். ராடு வளைந்தால் அதன் நீளம் குறைந்துவிடும். அதோடு ஓடிய பிஸ்டன் பழைய உச்சிக்கு எட்டாது. பழைய கோட்டுக்குக் கீழே, ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தள்ளி, இரண்டாவதாக ஒரு கரிக்கோடு. மேஸ்திரி டார்ச் அடித்துக் காட்டுவார். பிறகு நாலு ராடையும் கழற்றிச் சாக்கின் மேல் வரிசையாக வைப்பார். மூன்று நேராக இருக்கும். நாலாவது மட்டும் லேசாக இடுப்பை வளைத்துக்கொண்டு நிற்கும். அதற்கு மேல் அவர் கேள்வி எதுவும் கேட்பதில்லை. விலைப்பட்டியல் எழுத ஆரம்பிப்பார். ராடு, பிஸ்டன், பேரிங், கேஸ்கெட், லேத் கூலி. பிளாக்கும் கீறியிருந்தால் பில் லட்சத்தைத் தொட்டுவிடும்.

பட்டியலைப் பார்த்ததும் ஞாபகம் வருவது இன்சூரன்ஸ். மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் வைத்திருப்பவர் அந்தக் காகிதத்தை மடித்துப் பழையபடி டேஷ்போர்டில் வைத்துவிடலாம். முழுக் காப்பீட்டில் வெள்ளச் சேதத்துக்கு இடமுண்டு. சீட், ஒயரிங், பாடி எல்லாம் அதில் வரும். ஆனால் தண்ணீர் புகுந்தபின் ஓட்டிப் பார்த்ததால் இன்ஜினுக்குள் ஏற்பட்ட சேதத்தை ‘தொடர் விளைவு’ என்று சொல்லி ஒதுக்கிவிடுவார்கள். ‘பம்பர் டு பம்பர்’ என்று விற்கிற பாலிசியிலும் இதே கதைதான். இன்ஜின் இருப்பது இரண்டு பம்பருக்கும் நடுவில்தானே என்று வாதாடிப் பிரயோசனமில்லை. இதற்கென்றே ‘இன்ஜின் ப்ரொடெக்ட்’ என்று தனியாக ஒரு சேர்க்கை இருக்கிறது. மழைக்கு முன்பு ஏஜென்ட் சொன்னபோது அது வீண்செலவாகத் தோன்றும். ராடு வளைந்த மறுவருடம் முதல் ஆளாகச் சேர்வார்கள். அதிலும் செல்ஃப் அடித்தது தெரிந்தால் சர்வேயர் முகம் மாறும். அதனால் கிளைம் படிவத்தில் ‘விபத்து நடந்த விதம்’ என்ற கட்டத்தில் எழுதப்படும் உரைநடைக்கு நிகரான கற்பனை வளம் தமிழில் குறைவு.

காரைத் தண்ணீரிலிருந்து முன்கூட்டியே காப்பதில் சென்னை பல படி முன்னே போய்விட்டது. 2015 டிசம்பர் வெள்ளம் கற்றுக்கொடுத்த பாடத்தால், 2023 மிக்ஜாம் புயலின்போதும் 2024 அக்டோபர் மழை எச்சரிக்கையின்போதும் வேளச்சேரிக்காரர்கள் கார்களைக் கொண்டுபோய் மேம்பாலத்தின் மேல் வரிசையாக நிறுத்திவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போய்ப் படுத்தார்கள். சேலத்திலும் 2020இல் திறந்த ஐந்து ரோடு ஈரடுக்கு மேம்பாலம் இருக்கிறது. இரண்டு அடுக்கு என்பதால் இடவசதியும் கூடுதல். அந்த யோசனை மட்டும் இன்னும் இங்கே பரவவில்லை.

மின்சாரக் கார்க்காரர்கள் இந்தக் கட்டுரை தங்களுக்கில்லை என்று நினைக்கலாம். காற்று இழுக்கும் குழாயே இல்லாததால் ராடு வளையும் பேச்சு அங்கே இல்லை; பேட்டரிப் பெட்டிக்குப் பெரும்பாலும் ஐபி67 தரம், அதாவது ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் தாங்கும். மிதப்பதற்கு இன்ஜின் தேவையில்லை என்பதை மட்டும் அவர்கள் ஞாபகம் வைத்துக்கொண்டால் போதும்.

தண்ணீரைத் தாண்டி ஜம்மென்று வெளியே வந்த காருக்கும் பாக்கி வேலைகள் உண்டு. நனைந்த பிரேக் உடனே பிடிக்காது. மெதுவாகப் போய்க்கொண்டே லேசாக நாலு தடவை மிதித்துக் காயவைக்க வேண்டும். ஒரு வாரம் வெளியே எடுக்காமல் விட்டால் கிளச் பிளேட் துருவேறி ஒட்டிக்கொள்ளும். மாதம் ஒன்றில் வீல் பேரிங் முனக ஆரம்பிக்கும். கார்ப்பெட்டுக்கு அடியில் இருக்கும் பஞ்சு ஊறினால் எத்தனை சாம்பிராணி போட்டாலும் போகாத வாசனை ஒன்று தங்கிவிடும். இதைவிட மோசமானது கொஞ்சமே கொஞ்சம் வளைந்த ராடு. வண்டி ஸ்டார்ட் ஆகும், ஓடும், கேட்டால் ஒன்றுமில்லை என்று தோன்றும். சில மாதம் கழித்து நெடுஞ்சாலையில் நல்ல வேகத்தில் போகும்போது ராடு ஒடிந்து பிளாக்கை உடைத்துக்கொண்டு வெளியே வரும்.

அந்தச் சில மாதத்துக்குள் வண்டியை விற்றுவிடுவது நடைமுறை. ‘ஒரே ஓனருங்க, டாக்டர் வண்டி’ என்று வரும் கார்களில் தண்ணீர் குடித்தவை எவை என்று கண்டுபிடிக்கச் சில வழிகள் உண்டு. ஹெட்லைட்டுக்கு உள்ளே பனி படர்ந்த தடம், சீட்டைத் தாங்கும் தண்டவாளத்தில் துரு, புது மோஸ்தரில் மாற்றிய கார்ப்பெட். எல்லாவற்றையும்விட நம்பகமானது சீட் பெல்ட். அதைக் கழுவினவரும் கடைசிவரை இழுத்துக் கழுவுவதில்லை. முழுக்க உருவிப் பார்த்தால் அடியில் பழுப்பாக ஒரு சேற்றுக் கோடு தெரியும். தண்ணீர் எதுவரை ஏறியது என்பதற்கு அதுவே அளவு. இது என்ன கறை என்று கேட்டால் குழந்தை ஹார்லிக்ஸ் கொட்டிவிட்டது என்பார்கள். அடுத்து டிக்கியைத் திறந்து ஸ்டெப்னியைத் தூக்கிப் பார்க்க வேண்டும். அதற்கு அடியிலும் ஹார்லிக்ஸ் இருந்தால் வேறு வண்டி பார்க்கலாம்.